துணை இறந்த பிறகு வீட்டில் தொடர்ந்து இருப்பது எப்படி? மணப்பதிவு இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு

இருபது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கலாம். ஆனாலும் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் வாரிசுப் பட்டியலில் "சேர்ந்து வாழ்ந்தவர்" என்று ஒரு வரி கிடையாது. அம்மா இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், எப்போதோ பிரிந்துபோய் விவாகரத்து வாங்காத மனைவியும் இருக்கிறார். நீங்கள் இல்லை. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அதே சமயம், வாரிசு இல்லை என்பது வேறு, வீட்டை உடனே காலிசெய்ய வேண்டும் என்பது வேறு. சொந்தக்காரர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார்கள். துக்கத்தில் இருப்பவர் அதை நம்பி ஒரு பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். பிறகு எந்த வக்கீலாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. வீடு கடைசியில் யாருக்கு என்பதைப் பத்திரம் முடிவுசெய்யும். அதுவரை யார் உள்ளே இருப்பது என்பதைச் சுவாதீனம், அதாவது வீடு இப்போது யார் கைவசம் இருக்கிறது என்பது, முடிவுசெய்யும். உங்கள் கையில் இன்று இருப்பது சுவாதீனம்தான்.

தமிழ்நாட்டில் உள்ள வீட்டையும் இந்துச் சட்டத்தையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கிறிஸ்தவர், முஸ்லிம்களுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். பெரும்பாலும் பெண்ணுக்குத்தான் இந்த நிலை வருகிறது என்பதால் "அவர்" என்று ஆணைச் சொல்லியிருக்கிறேன். இறந்தது பெண் என்றால் என்ன ஆகும் என்பதும் கீழே வரும்.

1. பதினாறாம் நாள் வரை

பேச்சு எப்போது தொடங்கும் தெரியுமா? காரியம் முடிந்து, பந்தி எழுந்து, பந்தல்காரன் நாற்காலிகளை அடுக்கும்போது. பெரியப்பா முறை உள்ள ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "அம்மா, பீரோ சாவி எங்கே இருக்கு?" அதற்குள் சில வேலைகளை முடித்துவிடுங்கள்.

வீட்டைவிட்டுப் போகாதீர்கள். "பத்து நாள் ஊரில் இருந்துட்டு வாம்மா" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். போய்த்தான் ஆகவேண்டும் என்றால் உங்கள் ஆள் ஒருவர் வீட்டில் இருக்கட்டும், துணிமணிகளும் இருக்கட்டும். சாவி யாரிடமும் போகக் கூடாது.

எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "வாரிசுச் சான்றுக்கு ஒரு சம்மதம்" என்று வெற்று முத்திரைத்தாள் வரும், உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம் வரும். "வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்று ஒரே பதில் போதும்.

வீட்டில் இருக்கிற பத்திரம், வரி ரசீது, பாஸ்புக் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, உங்கள் தம்பியோ தோழியோ யாராவது ஒருவரின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவையுங்கள். அசலை ஒளித்துவைக்க வேண்டாம், அது உங்கள்மேல் புகாராகத் திரும்பும். ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுங்கள்.

அவருடைய ஏ.டி.எம். அட்டையைத் தொடாதீர்கள். பின் எண் உங்களுக்குத் தெரியும், மருத்துவமனைக்கே நீங்கள்தான் பணம் எடுத்துக் கட்டியிருப்பீர்கள். இறந்த பிறகு எடுக்கும் பணம் வாரிசுகளின் பணம். எதிர்த்தரப்பு முதலில் காவல்நிலையம் போவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். பெயர், முகவரி, எழுத்துப்பிழை எல்லாம் சரியா என்று பார்த்து, சான்றிதழைப் பல நகல்கள் எடுத்துவையுங்கள். வீட்டு முகவரி அதில் சரியாக இருப்பது பின்னால் உதவும்.

2. வீடு யார் பெயரில்?

பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று பாருங்கள், பட்டாவையும் பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று நினைக்க வேண்டாம். அது வருவாய்த் துறைப் பதிவு. உரிமையைச் சொல்வது கிரையப் பத்திரமும் தாய்ப்பத்திரமும் (முந்தைய உரிமையாளர்களின் பத்திரம்).

உங்கள் பெயரில் மட்டும் என்றால் பெரிய கவலையில்லை.

இருவர் பெயரிலும் இருந்தால் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். ஒருவர் போனால் மற்றவருக்கு முழு வீடு என்பது வெளிநாட்டுக் கதைகளில் கேட்டது. இங்கே பத்திரத்தில் அப்படித் தெளிவாக எழுதியிருந்தாலொழிய அவர் பங்கு அவர் வாரிசுகளுக்குத்தான் போகும். யாருக்கு எவ்வளவு பங்கு? சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 45-ம் பிரிவுப்படி யார் எவ்வளவு பணம் போட்டாரோ அந்த விகிதம். அதற்குச் சான்று இல்லையென்றால் சரிபாதி. ஆகவே முன்பணம் கட்டிய காசோலை, தவணை போன வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் இப்போதே எடுத்துவையுங்கள். நகை விற்றுக் கொடுத்திருந்தால் அந்தக் கடை ரசீதையும் தேடுங்கள். வாரிசுகள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டாலும் பயப்பட வேண்டாம், பங்குதாரரான உங்களை அவர்கள் வெளியேற்ற முடியாது. பிரிக்க முடியாத சின்ன வீட்டை விற்கச் சொல்லி அவர்கள் கேட்டால், நீதிமன்றம் போடும் மதிப்புக்கு அவர்கள் பங்கை நீங்களே வாங்கிக்கொள்ள 1893-ம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் வழிவிடுகிறது.

அவர் பெயரில் மட்டும் இருந்தால் முதல் வேலை உயில் தேடுவது. உயிலைப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. வெள்ளைத்தாளில் எழுதி அவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தாலே செல்லும். பீரோ, வங்கி லாக்கர், அவருடைய ஆடிட்டர், நெருங்கிய நண்பர் என்று எல்லா இடத்திலும் கேளுங்கள். பதிந்த உயில் வில்லங்கச் சான்றில் வராது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அதற்குத் தனிப் புத்தகம் இருக்கிறது. எழுதியவர் இறந்த பிறகு, இறப்புச் சான்றைக் காட்டி யார் வேண்டுமானாலும் நகலுக்கு மனுச் செய்யலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

உயில் கிடைத்தால் அசலைவிட முக்கியம் சாட்சிகள். நீதிமன்றத்தில் அவர்களில் ஒருவராவது வந்து "என் கண்முன் கையெழுத்துப் போட்டார்" என்று சொல்ல வேண்டும். ஆகவே இன்றே அவர்களின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சொத்து சென்னைக்குள் இருந்தால் புரொபேட் (உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வேண்டுமா என்பதை இப்போதைய சட்டம் தெரிந்த வக்கீலிடம் கேளுங்கள், பழைய கட்டுரைகளை நம்ப வேண்டாம். முஸ்லிமாக இருந்தால் உயிலால் மூன்றில் ஒரு பங்குதான் கொடுக்க முடியும், அதற்குமேல் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும்.

இறந்தது பெண்ணாக இருந்து உயிலும் இல்லையென்றால் இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ம் பிரிவுப்படி அவர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். "கணவர்" என்றால் பிரிந்துபோய் முகத்தைக்கூடப் பார்க்காத, ஆனால் விவாகரத்து ஆகாத அந்த மனிதர்தான். பிள்ளையும் கணவரும் இல்லையென்றால், பெற்ற தாய் தகப்பனுக்கு முன்னால் கணவரின் வாரிசுகள் வந்து நிற்பார்கள்.

3. நீங்கள் உண்மையிலேயே மணமாகாதவரா?

இந்தக் கேள்வியை அவசரமாகத் தாண்ட வேண்டாம். என்னைக் கேட்டால் தமிழ்நாட்டில் இந்த வழக்குகளில் பாதி உயிர் இங்கேதான் இருக்கிறது.

"நாங்கள் கல்யாணம் பண்ணிக்கலை, பதிவும் பண்ணலை" என்று சொல்பவரிடம் கொஞ்சம் பேசிப்பார்த்தால், ஒருநாள் நண்பர்கள் நாலுபேர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டது வெளியே வரும். கோயிலில் வைத்து ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருப்பார். ஐயர் இல்லை, அக்கினி இல்லை, பதிவு இல்லை. அதனால் அது கல்யாணமே இல்லை என்று அவர்களே நம்பிக்கொண்டிருப்பார்கள்.

அண்ணா ஆட்சியில் 1967-ல் நிறைவேறிய திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு வந்தது. சுயமரியாதைத் திருமணத்துக்கான பிரிவு. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொன்னாலும் சரி, மாலை மாற்றிக்கொண்டாலும் சரி, மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, திருமணம் முடிந்தது. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை என்று 2023-ல் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. பதிவுசெய்யாததால் மட்டும் இந்துத் திருமணம் செல்லாமல் போகாது என்று 8-ம் பிரிவே சொல்கிறது. ஆக, அன்று உடனிருந்த அந்த நாலுபேரில் இரண்டுபேர் வந்து சாட்சி சொன்னால் நீங்கள் மனைவி, முதல்நிலை வாரிசு. நடக்காததை நடந்ததாகச் சொல்லச் சொல்லவில்லை. பொய்ச்சாட்சி குறுக்குவிசாரணையில் உடைந்தால் மற்ற உண்மைகளும் சேர்ந்து உடையும்.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. இருவரும் இந்துக்களாக இருக்க வேண்டும், யாருக்கும் உயிரோடு இன்னொரு கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது.

எந்தச் சடங்கும் நடக்கவில்லை என்றால்? நெடுங்காலம் கணவன் மனைவியாகவே ஊரறிய வாழ்ந்தவர்களை மணமானவர்கள் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். 1978-ல் பத்ரி பிரசாத் வழக்கில் சுமார் 50 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு அப்படித்தான் தீர்ப்பு வந்தது. 2022-ல் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதையே திரும்பச் சொன்னது. ஆனால் எதிர்த்தரப்பு இதை உடைக்கலாம். அவருக்குச் சட்டப்படி மனைவி உயிரோடு இருந்தார் என்று காட்டினால் இந்த அனுமானம் நிற்காது.

அப்படி வேறு மனைவி இருந்தாலும் உங்கள் பிள்ளைகளின் கதை வேறு. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் சொத்தில் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் தகப்பனுக்கு வரக்கூடிய பங்கிலும் உண்டு என்று 2023 செப்டம்பரில் ரேவணசித்தப்பா வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. பிள்ளை மைனர் என்றால் காப்பாளர் நீங்கள். மைனர் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. பிள்ளைக்குப் பங்குள்ள வீட்டிலிருந்து பிள்ளையை வளர்க்கும் தாயை வெளியேற்றுவது அத்தனை லேசல்ல. ஆகவே பிறப்புச் சான்றில் தகப்பன் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "12 வருடம் குடியிருந்தால் வீடு நமக்கே" என்று தெருவில் சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. அவர் சம்மதத்தோடு குடியிருந்தது எதிரிடை அனுபோகம் (உரிமையாளருக்கு எதிராக அனுபவித்துவருவது) ஆகாது. இதை வாதமாக வைத்தால் "நான் மனைவி" என்கிற உங்கள் முக்கிய வாதமும் பலமிழக்கும்.

4. சேர்ந்து வாழ்ந்ததற்குச் சான்று

எதிர்மனுவில் உங்களைப் பற்றி என்ன எழுதுவார்கள்? "சமையலுக்கு வந்தவர்", "உடம்பு முடியாதபோது கவனிக்க வைத்திருந்த ஆள்." படிக்கும்போது வயிறு எரியும். கோபப்பட்டுப் பயனில்லை, காகிதம்தான் பதில்.

ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், ஆதார் முகவரி, எரிவாயு இணைப்பு, கூட்டு வங்கிக் கணக்கு, பிள்ளையின் பள்ளி விண்ணப்பம் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. கூடவே நான் தேடச் சொல்வது மருத்துவமனைக் கோப்பு. அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் ஒரு சம்மதப் படிவம் நீட்டுவார்கள் இல்லையா, அதில் "நோயாளிக்கு உறவு" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் "மனைவி" என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அவர் சுயநினைவோடு இருந்தபோது, வழக்கு என்ற நினைப்பே யாருக்கும் இல்லாதபோது எழுதிய ஆவணம் அது. மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் எழுதிக்கொடுத்து நகல் வாங்குங்கள். கல்யாணப் பத்திரிகைகளையும் பாருங்கள். அவர் அண்ணன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரோடு உங்கள் பெயரும் அச்சாகியிருந்தால், இன்று உங்களை யாரென்று தெரியாது என்று சொல்லும் அதே அண்ணன் அன்று என்ன சொன்னார் என்பதற்கு அதுவே சாட்சி. மொய் நோட்டையும் விட்டுவிடாதீர்கள்.

அவர் கைப்பேசியை யாரும் துடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பேசியில் இருக்கும் உரையாடல்களையும் அழிக்காதீர்கள்.

5. அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும்

கேவியட் மனு. வாரிசுகள் நீதிமன்றம் போய் உங்களுக்குத் தெரியாமலே தடையுத்தரவு வாங்கிவிடாமல் இருக்க, "என்னைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம்" என்று முன்கூட்டியே போடும் மனு இது. செலவு குறைவு, 90 நாள் செல்லும், முடிந்ததும் மறுபடி போடலாம். வக்கீலைப் பார்க்கும் முதல் நாளே இதைக் கேளுங்கள்.

தாசில்தாருக்கு ஆட்சேபம். வாரிசுச் சான்றில் உங்கள் பெயரையோ பிள்ளைகளின் பெயரையோ விட்டுவிட்டு விண்ணப்பித்திருப்பார்கள். எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், பட்டா மாற்றத்துக்கும் அப்படியே. தபாலில் அனுப்பினால் ரசீதையும் ஒப்புகையையும் பத்திரப்படுத்துங்கள். தகராறு இருக்கிறது என்று தெரிந்தால் பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு அதுவே போதும்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005. பெண்ணாக இருந்தால், திருமணம் போன்ற உறவில் வாழ்ந்தவருக்கும் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை இந்தச் சட்டம் தருகிறது. வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டியதில்லை. மாமியார், நாத்தனார் முறையில் உள்ள பெண்கள்மீதும் மனுப்போடலாம். "திருமணம் போன்ற உறவு" எது என்பதற்குக் கோவையிலிருந்து போன வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் அளவுகோல் வகுத்தது. ஊரார் முன் கணவன் மனைவியாக நடந்திருக்க வேண்டும், இருவரும் மண வயதில், மணக்கத் தடையில்லாத நிலையில் இருந்திருக்க வேண்டும், கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அவருக்கு மனைவி இருப்பது தெரிந்தே சேர்ந்தவர்களுக்கு 2013-ல் வந்த இந்திரா சர்மா தீர்ப்பு பெரிய முட்டுக்கட்டை. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. ஆனால் மாஜிஸ்திரேட் அதைத்தான் படிப்பார்.

ஒருவேளை பூட்டை உடைத்து வெளியேற்றிவிட்டால், அன்றே காவல்நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். "சிவில் மேட்டர்" என்று கைவிரித்தாலும் ரசீது முக்கியம். குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6-ம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கே போகாமல், சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவருக்குச் சுவாதீனத்தைத் திருப்பித் தர முடியும். ஆறு மாதம் ஒருநாள் தாண்டினாலும் அந்தக் கதவு மூடிவிடும்.

வக்கீலுக்குப் பணமில்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. தொலைபேசி 15100. பெண்கள் உதவி எண் 181.

6. கடனும் கட்டணங்களும்

வீட்டுக் கடன் நிலுவையில் இருந்தால், கடனோடு காப்பீடு எடுத்திருந்தாரா என்று முதலில் வங்கியில் கேளுங்கள். இருந்தால் மீதிக் கடனை அது அடைத்துவிடலாம். இல்லையென்றால் தவணை நிற்கக் கூடாது. 90 நாள் கட்டாவிட்டால் வாராக்கடன், அதன்பின் 60 நாள் நோட்டீஸ், அப்புறம் வாரிசும் இல்லை நீங்களும் இல்லை, வங்கிதான். உங்கள் கணக்கிலிருந்தே கட்டுங்கள். அதனால் வீடு உங்களுடையதாகிவிடாது, ஆனால் கட்டிய பணத்தைக் கணக்குக் கேட்கும் உரிமை வரும். மின்கட்டணம், சொத்துவரி, தண்ணீர்வரியும் இதேபோல. பெயர்மாற்றத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

காப்பீட்டிலும் வங்கியிலும் நாமினியாக உங்கள் பெயர் இருந்தால் பணம் கைக்கு வரும். ஆனால் நாமினி என்பவர் பெரும்பாலும் வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்கிவைப்பவர்தான் என்பது 1984 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலை. முழுவதையும் செலவழித்துவிடாதீர்கள்.

7. பேசி முடிப்பது

இந்த வழக்குகள் பத்து வருடம்கூட இழுக்கும். அது எதிர்த்தரப்புக்கும் தெரியும். நீங்கள் உள்ளே இருக்கும்வரை வாங்குபவர் யாரும் அந்த வீட்டுக்கு நல்ல விலை சொல்லமாட்டார்கள். பேரம் பேச இதுதான் உங்கள் பலம். வயதானவர் என்றால் "என் ஆயுள்வரை நான் குடியிருக்கிறேன், பிறகு உங்களுக்கு" என்று வாழ்நாள் உரிமை கேட்பது பல குடும்பங்களில் நடந்தேறுகிறது. இல்லையென்றால் அவர்கள் பங்குக்குப் பணம் கொடுத்து விடுதலைப் பத்திரம் வாங்கலாம். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு உள்ள முத்திரைத்தீர்வைச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் பதிந்த பத்திரமாக இருக்கட்டும். பெரியவர்கள் முன்னிலையில் கொடுத்த வாக்கு அந்தப் பெரியவர்கள் இருக்கும்வரைதான்.

வாடகை வீடு என்றால் இவ்வளவு சிக்கல் இல்லை. ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தாலும் உரிமையாளரிடம் நீங்களே முதலில் பேசி, அடுத்த மாத வாடகையை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பி, புது ஒப்பந்தம் கேளுங்கள். அவர் கொடுத்த முன்பணத்தை வாரிசுகள் கேட்டு வரலாம், அதை உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இருவரும் உயிரோடு இருக்கும்போதே இதைப் படிப்பவர்களுக்கு

ஒருபால் இணையர்களுக்கு, அவர்கள் திருமணத்தை ஏற்க மறுத்த உச்ச நீதிமன்றத்தின் 2023 தீர்ப்புக்குப் பிறகு, திருமணம் என்ற வழி இங்கே இல்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பமே என்று சொன்னது ஆறுதல்தான், ஆனால் அதைவைத்துப் பட்டா மாற்ற முடியாது. ஆகவே அவர்களுக்கும், விவாகரத்து ஆகாமல் வேறொருவரோடு வாழ்பவர்களுக்கும் எழுதிவைப்பது ஒன்றே வழி.

இரண்டு வழிகள். ஒன்று, இப்போதே செட்டில்மெண்ட் பத்திரம், அதாவது விலை வாங்காமல் சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம். தனக்கு வாழ்நாள் உரிமையை வைத்துக்கொண்டு சொத்தைத் துணைக்கு எழுதலாம். தீர்வைச் செலவு உண்டு, ஆனால் பின்னால் உடைப்பது கடினம். மற்றொன்று உயில். முத்திரைத்தாளே வேண்டாம், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பயன்பெறுபவரான நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள், உயில் எழுதுபவர் கிறிஸ்தவராக இருந்தால் அது உங்கள் பங்கையே இல்லாமலாக்கும். எழுதும் இடத்தில்கூட இருக்காமல் இருப்பது உத்தமம். அம்மாவுக்கோ பிள்ளைகளுக்கோ ஏன் கொடுக்கவில்லை என்று உயிலிலேயே இரண்டு வரி இருக்கட்டும். "என் மகனுக்கு ஏற்கெனவே படிப்புக்கும் தொழிலுக்கும் கொடுத்துவிட்டேன்" என்ற மாதிரி. உடல்நலம் சரியில்லாதபோது எழுதினால் அன்றைய தேதியில் மருத்துவர் சான்று வேண்டும். சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாகவும், வெளிநாடு போகும் எண்ணம் இல்லாதவர்களாகவும் இருந்தால் நல்லது. பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். இருவரும் ஒருவருக்கொருவர் எழுதுவதாக இருந்தால் தனித்தனியாக இரண்டு உயில் எழுதுங்கள். ஒரே தாளில் கூட்டாக எழுதினால் பின்னால் ஒருவர் மட்டும் மாற்ற நினைக்கும்போது தகராறு வரும்.